இராபர்ட் கோக்

நெய்தல் நிலத்தின் செல்வம் மீன். கடலை அடுத்து வாழும் மக்கள் எந்நாட்டினராயினும் மீனை உண்டும் விற்றும் உயிர் வாழ்கின்றனர். வலையினின்றும் இறக்கிய மீன் நன்றோ தீதோ என்று அறிதற்கு முன்னோர் கண்ணையும் மூக்கையும் விரலையுமே கருவிகளாகக் கொண்டனர். செவுள் சிவந்திருத்தல், கண் தெளிந்திருத்தல், அழுத்திய தசை குழியாது மீளுதல், தீநாற்றம் இன்மை ஆகியவை நல்ல மீனின் இலக்கணங்கள் என்பதைச் சந்தைக்குச் செல்லும் மூதாட்டியரும் நன்கறிவர். இவ்விலக்கணங்கள் பொய்யல்ல. ஆயினும் இவை அழுகிய மீனைக் காட்டுமேயன்றி நோய்தரும் மீனைக் காட்டமாட்டா. மீனை அழுகச் செய்யும் கிருமிகள் வேறு. உண்டவனை வீழ்த்தும் கிருமிகள் வேறு. வாந்திபேதிக் கிருமி தங்கிய சிப்பி பார்வைக்கு அழகியதாயும் நாவுக்கு இனியதாயும் இருத்தல் கூடும்.

அங்ஙனமாயின் அதனை அறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கூறுவது சோதனைச்சாலை. அவ்விடையோ இருபுறமும் கூரிய வாள் போன்றது. தீய மீனை நன்றென்று கூறின் உண்டவர் உயிரிழப்பர்; நல்ல மீனைத் தீதென்று கூறின் அலையொடு போராடி அதனைக் கொணர்ந்த பரதவரின் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆதலின் ஐயந்திரிபற அறியும் முறையொன்று இன்றியமையாததாயிற்று. அம்முறைக்கு அடிகோலியவருள் தலையாயவர் செர்மனி நாட்டு இராபர்ட் கோக் என்னும் பேரறிஞர். அவர் மீனை ஆராய்ந்தவரல்லர். எனினும், இன்று மீனைச் சோதிப்போர் கையாளும் முறையின் ஒவ்வொரு படியிலும் அவருடைய கைச்சுவடு காணப்படுகின்றது. தமிழ் பயிலும் மாணவராகிய நாம் விஞ்ஞானத் துறைக்குப் புறம்பானவரேயாயினும், அப்பெரியாரின் வாழ்க்கையை எம்மால் இயன்றவாறு ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

இராபர்ட் கோக் 1843-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளவுஸ்தால் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் சுரங்கத் தொழிலாற் பெயர் பெற்றது. தந்தையார் ஹெர்மன் கோக்கும் சுரங்க அலுவலரே. மக்கள் பதின்மூவருள் ஒருவராய்ப் பிறந்த இராபர்ட், பள்ளிக்குச் செல்லுமுன்னரே செய்தித்தாள்களின் துணைகொண்டு தாமே எழுத்தறிந்தார் என்பர். 1862-இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்து மருத்துவம் பயின்றார். ஆண்டு ஆசிரியராயிருந்தவருள் ஒருவர் யாக்கோபு ஹென்லே. தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால் விளைவன என்று அவர் 1840-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆசிரியர் எண்ணத்தளவில் விதைத்ததை மாணவர் பிற்காலத்தில் மெய்ப்பித்துக் காட்டினார்.

1866-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கோக், மறு ஆண்டில் எம்மி என்னும் அம்மையாரை மணந்தார். 1870-இல் பிரான்சு நாட்டோடு போர் மூண்டபோது படைமருத்துவராகத் தாமே முன்வந்து பணியாற்றினார். 1872-இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவ அதிகாரியாக அமர்ந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டில் உள்ளது. நூல்நிலையம் அருகில் இல்லை. அறிஞர் கூட்டுறவு இல்லை. நாள் முழுதும் நோயாளரின் வரவு. இத்தகைய வாழ்வில் மனைவியார் பிறந்தநாட் பரிசாக ஓர் உருப்பெருக்கியை அளித்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. மருத்துவர் தம் அறையின் ஒரு பகுதியைத் திரையிட்டு மறைத்து, அதனையே சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார்.

அப்பகுதியில் ஆடுமாடுகள் அடைப்பான் நோயால் மடிந்துகொண்டிருந்தன. அந்நோயால் இறந்த விலங்கின் குருதியில் கோல் வடிவான நுண்பொருள்கள் காணப்படுதலை வேறு சிலர் முன்னரே கண்டிருந்தனர். ஆனால் அவை நோயின் காரணமோ, நோயால் விளைந்தனவோ என்பது தெளிவாகவில்லை. கோக் மரச்சிம்பு ஒன்றைச் சூடேற்றித் தூய்மை செய்து, அதனை நோயுற்ற விலங்கின் குருதியில் தோய்த்து, எலியின் தோலுள் செலுத்தினார். எலி மாண்டது, அதன் உடலிலும் அக்கோலுருக்களே காணப்பட்டன. அவ்வெலியிலிருந்து மற்றோர் எலிக்கு, அதிலிருந்து வேறோர் எலிக்கு எனப் பலமுறை நோயைக் கடத்தினார். பின்னர் மாட்டின் கண்ணிலுள்ள தெளிந்த நீரில் அவற்றை உடலுக்குப் புறத்தே வளர்த்தார். கோல்கள் நீண்டு நூல்களாதலையும், நூல்களினுள்ளே முத்துப்போன்ற வித்துக்கள் தோன்றுதலையும் தம் கண்ணாற் கண்டார். வெயிலுக்கும் குளிருக்கும் அழியாத அவ்வித்துக்கள் மண்ணிற் கிடந்து மீண்டும் உயிர்த்தெழுதலாலேயே சில மேய்ச்சல் நிலங்கள் ஆண்டுதோறும் ஆடுகளைக் கொன்றன என்பது புலனாயிற்று.

1876-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் கோக் தம் எலிகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு பிரெஸ்லவு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்டினாந்து கோனிடம் சென்றார். முன்பின் அறியாத நாட்டுப்புற மருத்துவர் ஒருவர் மூன்று நாள் இருந்து செய்துகாட்டிய சோதனைகளைக் கண்ட பேராசிரியர், அவற்றின் உண்மையை உடனே ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டிலேயே கோனின் இதழில் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமியே காரணம் என்பதை ஐயமற நிறுவிய முதற்சோதனைகளுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. 1880-இல் பெர்லின் நகரத்துப் பேரரசு நலத்துறை அலுவலகம் கோக்கைத் தன்பால் அழைத்துக்கொண்டது. திரையிட்ட அறை நீங்கி உண்மையான சோதனைச்சாலை கிடைத்தது. லெப்லர், காப்கி ஆகிய இளைஞர் உதவியாளராக வாய்த்தனர்.

நிற்க. அக்காலத்துக் கிருமி ஆராய்ச்சியில் ஒரு பெருந்தடை இருந்தது. கிருமிகளை ஊன்சாறு முதலிய நீர்ப்பொருள்களிலேயே வளர்த்தனர். நீரில் ஒரு கிருமி வீழ்ந்தாலும் ஒன்பது வகைக் கிருமிகள் வீழ்ந்தாலும் எல்லாம் கலந்து கலங்கலாகவே தோன்றும். திருவிழாக் கூட்டத்தில் கள்வன் ஒருவன் புகுந்துவிட்டால் அவனை அடையாளங் காண்பது எங்ஙனம் அரிதோ, அங்ஙனமே நோய் செய்யும் கிருமியை ஏனையவற்றினின்றும் பிரித்தறிவதும் அரிதாயிற்று. இத்தடையை நீக்கும் வழியை ஓர் உருளைக்கிழங்கு காட்டிற்று. அவித்து நறுக்கிக் காற்றுப்பட வைத்த கிழங்குத் துண்டின்மேல் பலநிறப் புள்ளிகள் தோன்றியிருத்தலைக் கோக் கண்டார். ஒவ்வொரு புள்ளியையும் உருப்பெருக்கியில் வைத்து நோக்கியபோது, ஒவ்வொன்றிலும் ஒரே வகைக் கிருமி மட்டும் திரண்டிருந்தது. கெட்டியான தளத்தின்மேல் வீழ்ந்த கிருமி நீரிற்போல அலைந்து திரியாமல், வீழ்ந்த இடத்திலேயே பெருகித் தன் இனத்தை மட்டும் கூட்டமாக ஆக்குகின்றது என்பதை அவர் உணர்ந்தார்.

ஆயினும் எல்லாக் கிருமிகளும் கிழங்கில் வளர்வனவல்ல. ஆதலின் ஊன்சாற்றுடன் ஜெலட்டினைக் கலந்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி உறையச் செய்தார். 1881-ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய அனைத்துநாட்டு மருத்துவப் பேரவையின்போது இம்முறையைச் செய்துகாட்டினார். பிரான்சு நாட்டுப் பாஸ்டர் பெருமானும் அதனை நேரிற் கண்டு வியந்தனர். ஆனால் ஜெலட்டினுக்கும் ஒரு குறை உண்டு. மனிதவுடலின் வெப்பத்தில் அது உருகிவிடும். சில கிருமிகளோ அதனைத் தின்று கரைத்துவிடும். இக்குறையைத் தீர்த்தவர் ஓர் இல்லத்தரசியார். கோக்கின் சோதனைச்சாலையில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்பாரின் மனைவியாராகிய பேன்னி அம்மையார், சாவகத்தீவில் வாழ்ந்த அண்டை வீட்டார் வழியே அறிந்த அகர் அகர் என்னும் கடற்பாசிப் பொருளைத் தம் அடுக்களையில் பழக்கூழ் முதலியவற்றை உறையச் செய்யக் கையாண்டு வந்தனர். கோடையிலும் உருகாத அப்பொருளைச் சோதனைக்குப் பயன்படுத்தலாமென அவர் கூறிய யோசனை 1881-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1887-இல் கோக்கின் மற்றோர் உதவியாளராகிய பெட்ரி என்பார் மூடியுடன் கூடிய வட்டத்தட்டை அமைத்தார். கடலுணவின் தீமையைக் காட்டும் தளமே கடற்பாசியினின்றும் கிடைத்ததை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு உண்டாகின்றது.

இக்கருவிகளுடன் கோக் மனிதகுலத்தின் பெரும்பகையாகிய க்ஷயரோகத்தை ஆராய்ந்தார். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லின் உடலியற் கழகத்தில் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த வரலாற்றை எடுத்துரைத்தார். ஒரு கிருமியை நோயின் காரணம் என்று கூறுமுன் நிறைவேற்றவேண்டிய நிபந்தனைகளும் இவ்வாண்டுகளில் வகுக்கப்பட்டன. நோயுற்றாரிடத்து அக்கிருமி காணப்படவேண்டும். பிறவற்றின் கலப்பின்றித் தனியே வளர்க்கப்படவேண்டும். அங்ஙனம் வளர்த்ததை விலங்கினுட் செலுத்தின் அந்நோயே தோன்றவேண்டும். காணல், தனிப்படுத்தல், மெய்ப்பித்தல் என்னும் இம்மூன்றுமே அவர் உலகுக்கு அளித்த இலக்கணம் எனலாம்.

1883-ஆம் ஆண்டு எகிப்து நாட்டில் வாந்திபேதி பரவிற்று. அதன் காரணத்தை அறியச் செர்மனியும் பிரான்சும் தனித்தனியே குழுக்களை அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பின. செர்மனிக் குழுவின் தலைவர் கோக். இறந்தோர் குடலில் வளைந்த உருவுள்ள கிருமி ஒன்றை அவர் கண்டார். ஆனால் அதனைத் தனிப்படுத்தவில்லையாதலின் உறுதி கூறாது பொறுத்தார். அதற்குள் நோய் தணிந்தது. பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த லூயி துயில்லியே என்னும் இருபத்தேழு வயது இளைஞர் அந்நோய்க்கே இரையானார். இரு நாடுகளுக்கும் இடையே போரின் புண் ஆறாதிருந்த காலம் அது. எனினும் கோக் தம் குழுவினருடன் சென்று, மலர்வளையம் சார்த்தி, அவ்விளைஞரின் பேழையைத் தாங்கிச் சென்றோருள் தாமும் ஒருவரானார். பகைமையினும் பெரியது பணி என்பதை அச்செயல் காட்டுகின்றது.

எகிப்தில் முடியாத பணியை முடிக்க, 1883 டிசம்பரில் கோக் நம் நாட்டுக் கல்கத்தா நகரை அடைந்தார். அங்கே நோயாளிகள் பலரை ஆராய்ந்து, 1884-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வளைந்த கிருமியைத் தட்டில் தனியே வளர்த்துவிட்டார். கால்புள்ளியைப்போல் வளைந்திருத்தல், ஜெலட்டினைத் தனக்கே உரிய வகையிற் கரைத்தல், ஈரத்தில் செழித்து உலர்ந்தால் விரைவில் மடிதல், புளிப்பை வெறுத்துக் காரத்தை விரும்புதல் ஆகிய அதன் இயல்புகளைக் குறித்தார். நகரின் ஒரு புறத்திலிருந்த குளத்தைச் சுற்றி வாழ்ந்தோரிடையே நோய் பரவியபோது, அக்குளத்து நீரிலும் அக்கிருமி இருத்தலைக் கண்டுபிடித்தார். மக்கள் அந்நீரிலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அந்நீரையே பருகினர். முதலில் இறந்தவரின் ஆடைகளும் அதிலேயே வெளுக்கப்பட்டிருந்தன. நோயாளியின் உடலுக்குப் புறத்தே, இயற்கை நீரில், வாந்திபேதிக் கிருமியை இங்ஙனம் தேடிக் கண்டதே பின்னாளில் நீரையும் மீனையும் சிப்பியையும் சோதிக்கும் முறைகளுக்குத் தோற்றுவாயாயிற்று.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரத்துப் பிலிப்போ பாசினி என்பார் 1854-ஆம் ஆண்டிலேயே இக்கிருமியை உருப்பெருக்கியிற் கண்டு எழுதியிருந்தார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கோக் கல்கத்தாவுக்குப் புறப்படுமுன்னரே பாசினி மறைந்தார். 1965-இல்தான் அறிஞர் கூட்டம் கிருமியின் பெயரோடு அவர் பெயரையும் 1854 என்னும் ஆண்டையும் இணைத்து அவருக்குரிய சிறப்பை அளித்தது. கண்டவர் பாசினி, தனிப்படுத்தியவர் கோக். மேலும், விலங்குகளுக்கு வாந்திபேதியை உண்டாக்கிக் காட்டக் கோக்கால் இயலவில்லை. தாம் போற்றிய இலக்கணத்தின் மூன்றாம் உறுப்பு இந்நோயில் நிறைவுறவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

பெர்லினுக்கு மீண்ட கோக்கை நாடு கொண்டாடியது. ஒரு நூறாயிரம் மார்க் பரிசளித்தது. ஆயினும் அவர் கூற்றை மறுத்தோரும் இருந்தனர். மூனிக் நகரத்து முதியவராகிய பெத்தன்கோபர், கிருமி மட்டும் நோய்க்குப் போதிய காரணமன்று என்று காட்ட விரும்பி, 1892-ஆம் ஆண்டு அக்டோபரில் வாந்திபேதிக் கிருமி நிறைந்த நீரைத் தாமே பருகினார்! சிறிது வயிற்றுப்போக்குடன் தப்பினார். ஆனால் அவ்வாண்டிலேயே ஹாம்பர்க் நகரில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அந்நோயால் மாண்டனர். ஹாம்பர்க் எல்பு ஆற்றுநீரை வடிகட்டாமலே பருகியது. அதனை ஒட்டிய அல்தோனா நகரம் அதே ஆற்றுநீரை மணலில் வடிகட்டிப் பருகிப் பெரும்பாலும் தப்பியது. தெருவின் ஒரு பக்கம் சாவும் மறு பக்கம் வாழ்வுமாக இருந்த அக்காட்சி வாதத்தை முடித்துவைத்தது. வடிகட்டிய நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிகளுக்கு மேல் இருத்தலாகாது என்னும் அளவையும் கோக் வகுத்தார்.

1893-இல் அவர் வாந்திபேதியை விரைந்து அறியும் முறை ஒன்றை விளக்கி எழுதினார். ஐயத்துக்குரிய பொருளைப் பெப்டோன் கலந்த காரநீரிலிட்டுச் சில மணிநேரம் சூட்டில் வைத்தல்வேண்டும். அக்கிருமி காற்றை விரும்புவதாதலின் விரைந்து பெருகி நீரின் மேற்பரப்புக்கு எழும். மேற்பரப்பிலிருந்து ஒரு துளியை எடுத்துத் தட்டிற் பரப்பினால் கிருமி தனியே வளரும். இம்முறையை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக. இதனிடம் மீண்டும் வருவோம்.

பெரியோர் வாழ்விலும் வழுக்கல் உண்டு. 1890-ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய மருத்துவப் பேரவையில், க்ஷயரோகத்துக்கு மருந்து கண்டதாகக் கோக் குறிப்பாக அறிவித்தார். அலெக்சாந்திரியாவில் உறுதி கூறாது பொறுத்த அதே மனிதர் இங்கே பொறுத்தாரல்லர். டியூபர்குலின் என்னும் அப்பொருளின் செய்முறையை முதலில் வெளியிடவுமில்லை. நம்பிக்கை கொண்ட நோயாளிகள் ஆயிரக்கணக்கில் பெர்லினை நோக்கி ஓடிவந்தனர். மருந்து பயன் தரவில்லை; பலருக்கு நோய் மிகுந்தது; சிலர் இறந்தனர். தாமே வகுத்த இலக்கணத்தைத் தாமே மீறியதால் வந்த வீழ்ச்சி அது. வியப்பென்னவெனில், நோயைத் தீர்க்கமாட்டாத அப்பொருள், மனிதரிடத்தும் மாடுகளிடத்தும் நோய்த்தொற்று உண்டா என்பதை அறியும் கருவியாகப் பிற்காலத்தில் பயன்பட்டது.

1891-இல் தொற்றுநோய் ஆராய்ச்சிக்கென அமைந்த நிலையத்துக்குக் கோக் தலைவரானார். 1893-இல் முதல் மனைவியாரிடமிருந்து மணவிலக்குப் பெற்று, ஹெட்விக் என்னும் இளநங்கையை மணந்தார். பின்னர் மாடுகளின் வெக்கை நோய், பிளேக்கு, மலேரியா ஆகியவற்றை ஆராயத் தென்னாப்பிரிக்கா, இந்தியா, நியூகினி முதலிய நாடுகளுக்குச் சென்றார். 1905-இல் நோபெல் பரிசு பெற்றார். 1906-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் உறக்கநோயை ஆராய்ந்தபோது ஆப்பிரிக்க மக்களுக்கு அவர் அளித்த நச்சுத்தன்மையுள்ள மருந்தால் சிலர் கண்ணொளி இழந்தனர். பிறர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த அவ்வேழை மக்களின் துன்பம் அக்காலத்துப் புகழுரைகளில் இடம்பெறவில்லை. இன்று அதனைக் கூறாது விடுதல் அறமன்று. 1910-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பாடன்-பாடன் நகரில் கோக் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர்தம் சாம்பல் பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

இனி, அவர் விதைத்த வித்து கடலுணவுத் துறையில் விளைந்தமை காண்போம். 1894-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக் கல்லூரி மாணவர் சிலர் விருந்தொன்றில் பச்சைச் சிப்பியை உண்டு டைபாய்டு காய்ச்சலுற்றனர்; கழிவுநீர் கலந்த ஓடையில் அச்சிப்பிகள் இட்டு வைக்கப்பட்டிருந்தமை விசாரணையில் வெளியாயிற்று. 1950-இல் ஜப்பான் நாட்டு ஒசாகாவில் அவித்து அரைகுறையாக உலர்த்திய சிறுமீன் குஞ்சுகளை உண்டவருள் 272 பேர் நோயுற்றனர். 20 பேர் மாண்டனர். புஜினோ என்னும் அறிஞர் அதற்குக் காரணமான புதிய கிருமியைத் தனிப்படுத்தினார். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என வழங்கும் அது வாந்திபேதிக் கிருமிக்கு உறவினது; உப்பின்றி வளராதது; கடலே அதன் இல்லம்.

இக்காலத்துச் சோதனைச்சாலையில் நிகழ்வது யாது? மீனிலோ சிப்பியிலோ 25 கிராம் எடுத்து அரைத்து, 225 மில்லிலிட்டர் பெப்டோன் கலந்த காரநீரிற் சேர்க்கின்றனர். உடல்வெப்பத்தை ஒத்த சூட்டில் ஆறு முதல் எட்டு மணிநேரம் வைக்கின்றனர். பின்னர் மேற்பரப்பிலிருந்து ஒரு கம்பி வளையத்தளவு எடுத்துத் தட்டிற் கீறுகின்றனர். கோக் 1893-இல் காட்டிய வழி இதுவேயன்றோ! தட்டிலுள்ள அகரில் பித்தவுப்பு, தயோசல்பேட்டு, சிட்ரேட்டு, சர்க்கரை, நிறங்காட்டி ஆகியவை சேர்க்கப்படுகின்றன. இவற்றைப் பொறாத பிற கிருமிகள் பெரும்பாலும் ஒடுங்கும். வாந்திபேதிக் கிருமி சர்க்கரையைப் புளிக்கச் செய்து மஞ்சள் நிறப் புள்ளியாகத் தோன்றும். ஒசாகாவிற் கண்ட கிருமி சர்க்கரையைத் தீண்டாது பச்சைப் புள்ளியாகத் தோன்றும். அப்புள்ளிகளை மீண்டும் தனியே வளர்த்து, உப்பில்லா நீரிலும் உப்புநீரிலும் இட்டு இனம் பிரிக்கின்றனர்.

அதனோடு பணி முடிவதில்லை. ஓரினத்தைச் சேர்ந்த எல்லாம் கொடியனவல்ல. கடலில் வாழும் விப்ரியோக்களுட் பெரும்பான்மை மனிதர்க்குத் தீங்கு செய்யாதவை. கோக்கால் நிறைவேற்ற இயலாத மூன்றாம் உறுப்பைக் கல்கத்தாவிலேயே நிறைவுசெய்தவர் சம்புநாத் தே என்னும் வங்க அறிஞர்; வாந்திபேதிக் கிருமி குடலில் நஞ்சை விடுகின்றது என்பதை முயலின் குடலைக்கொண்டு 1959-இல் மெய்ப்பித்தார். அந்நஞ்சை ஆக்கும் மரபணு கிருமியிடத்து உண்டோ என்பதைப் பி.சி.ஆர். முறையால் இன்று சில மணிநேரத்தில் அறிகின்றனர். 1992-இல் நம் சென்னையில் வாந்திபேதிக் கிருமியின் புதிய வகை ஒன்று தோன்றியபோது, பழைய சோதனை நீர்கள் அதனைப் பற்றவில்லை. புதிய நீர் ஆக்கவேண்டியதாயிற்று. உயிரோடிருந்தும் தட்டில் வளராது உறங்கும் கிருமிகள் உண்டு என்பதை 1982-இல் அமெரிக்க அறிஞர் கால்வெல் முதலியோர் காட்டினர். ஆகவே தட்டு வெறுமையாயிருத்தல் மட்டும் தூய்மைக்குச் சான்றாகாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று வினவுவோர் பெரு நாட்டை நோக்குக. 1991-இல் ஆண்டு வாந்திபேதி தோன்றி, அவ்வாண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிற்று. தூய்மையற்ற குடிநீர் பெருங்காரணம். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீனும் ஐயத்துக்குள்ளாயிற்று. அச்சத்தால் மக்கள் மீன் வாங்குவதை விட்டனர். அயல்நாடுகள் அந்நாட்டு உணவை மறுத்தன. நோயுறாத பரதவரும் பிழைப்பிழந்தனர். எம்மீன் தீயது, எம்மீன் தூயது என்று பிரித்துக் கூறவல்ல சோதனை இல்லாதவிடத்து, அச்சமே நீதிபதியாகின்றது. குற்றமுள்ளதும் அற்றதும் ஒருங்கே தண்டிக்கப்படுகின்றன.

இராபர்ட் கோக்கின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது இதுவேயாம். கூட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறாதே. ஒன்றைத் தனியே பிரித்து, அதன் இயல்பை அறிந்து, மெய்ப்பித்தபின் வாய்திற. இந்நெறியில் நின்றபோது அவர் உலகைக் காத்தார். இந்நெறியைக் கைவிட்டபோது அவரே வீழ்ந்தார். வகுத்தவரினும் நெறி பெரிது. இது கிருமிகளுக்கு மட்டும் உரிய நெறியோ? ஒருவர் குற்றத்தால் அவர் குலத்தையே பழிக்கும் நாமும், ஊர்வாய்ச் சொல்லை ஆராயாது நம்பும் நாமும், அச்சிறு கண்ணாடித்தட்டின் முன் மாணவராய் அமர்தல் நன்று. உண்மையை நாடிப் பொறுமையுடன் உழைப்போர்க்கு இறைவன் துணை நிற்பானாக.